ஊழும் உயிரும்: தென்சென்னைப் புறநகர் காட்டும் சிந்தனைத் தடங்கள்

உயிரைப் பற்றி ஓர் இனம் என்ன எண்ணியது என்பதை அறிய, அதன் தத்துவ நூல்களை மட்டும் புரட்டினால் போதாது. இறப்பைக் குறிக்க அது வழங்கும் சொற்களுக்கும் செவிசாய்க்க வேண்டும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களின் சுவர்களில் ஒட்டப்பெறும் கண்ணீர் அஞ்சலித் தாள்கள் இதற்கு நல்ல சான்றுகள். ஒரு தாளில் மறைந்தவர் 'காலமானார்'. அவர் காலத்தோடு ஒன்றாகிவிட்டார். அடுத்த தாளில் ஒருவர் 'சிவபதம் அடைந்தார்'. அவருக்குச் சென்று சேர ஓர் இடம் உண்டு. வேறொருவர் 'கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்'. உறக்கமாயின் விழிப்பும் உண்டு என்பது அச்சொல்லின் உட்பொருள். பகுத்தறிவு இயக்கத்தைச் சார்ந்த குடும்பமாயின் 'இயற்கை எய்தினார்' என்று அச்சிடும். அங்கே உயிர் தனியே செல்லும் பயணம் இல்லை. ஒரே தெருவில், ஒரே சுவரில், உயிர் பற்றிய நான்கு கொள்கைகள் அருகருகே நிற்கின்றன.

வாழ்வின் போக்கைச் சொல்லும் சொற்களும் அவ்வாறே. 'தலையெழுத்து' என்னும்போது, எழுதியவன் வேறொருவன், சுமப்பவன் மனிதன். 'கொடுப்பினை' என்னும்போது நிலைமை மாறுகிறது. கொடுத்தலிலிருந்து பிறந்த சொல் அது. நற்பேறு பெற்றவரை 'கொடுத்து வைத்தவர்' என்று மக்கள் வாழ்த்துவர். முன்பு பிறருக்குக் கொடுத்ததே இன்று திரும்பி வருகிறது என்பது அதன் பொருள். முதற்சொல்லில் மனிதன் எழுதப்பட்டவன். இரண்டாம் சொல்லில் அவனே எழுதியவன். இவ்விரு குரல்களுக்கிடையே நடந்த நெடிய வழக்கே தமிழரின் ஊழ்ச் சிந்தனை வரலாறு. அவ்வழக்கின் முக்கியச் சாட்சிகள் சிலர் தாம்பரத்தைச் சுற்றிய இச்சிறு நிலப்பரப்போடு தொடர்புடையவராக இருப்பது கருதத்தக்கது.

தாழியும் பேழையும்

பல்லாவரம் தொல்லியலாருக்குப் பழக்கமான பெயர். 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூசு ஃபூட் இந்தியாவின் முதற் பழங்கற்காலக் கருவியாக அறியப்பட்ட கைக்கோடரியை இங்கேதான் கண்டெடுத்தார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ இவ்வூர்க் குன்றுப் பகுதியில் சுடுமண்ணால் ஆன ஈமப்பேழையை வெளிக்கொணர்ந்தார். வரிசையாகக் கால்கள் அமைந்த நீள்பேழை அது. பின்னர் ஆதிச்சநல்லூரின் தாழிக்காட்டை அகழ்ந்தவரும் அவரே. செங்கற்பட்டுப் பகுதியின் சாணூரில் 1950களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வும் பெருங்கற்கால ஈமச்சின்னங்களை விரிவாகக் காட்டியது.

பேழையோடும் தாழியோடும் வைக்கப்பெற்ற கலங்களும் இரும்புக் கருவிகளும் ஒரு செய்தியைச் சொல்கின்றன. இறந்தவருக்கு இனி எதுவும் தேவையில்லை என்று எண்ணிய மக்கள், இரும்பு அரிதாய் இருந்த காலத்தில் அதனைக் குழியில் இட்டிரார். உயிர் எங்கோ செல்கிறது, அல்லது இங்கேயே வேறு வகையில் தங்குகிறது என்னும் எண்ணம் அவர்களிடம் இருந்திருக்க வேண்டும்.

அக்காலத்து மனிதரின் குரலைத் தாழி நமக்குத் தருவதில்லை. சங்கப் பாடல் தருகிறது. புறநானூற்றின் 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவனை அழைக்கிறாள். வண்டியின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டு வந்த சிறு பல்லியைப் போலத் தன் தலைவனோடு நெடுவழி வந்த தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாகச் செய்ய வேண்டுகிறாள். அவள் மறுமையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தாழியின் அகலத்தையே கேட்கிறாள். உயிரின் போக்கைப் பற்றிய அச்சத்தைவிட உறவின் தொடர்ச்சியே அங்கு முன் நிற்கிறது. பெயரன் என்னும் சொல்லும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பாட்டன் பெயரைச் சுமப்பவன் பெயரன். மறைந்தவர் பெயர்வழியே வீட்டுக்குத் திரும்புகிறார். தொண்டை மண்டலத்து வீடுகளில் திருமணத்துக்குமுன் பூவாடைக்காரியை அழைத்துப் படைக்கும் வழக்கமும், மறைந்தவர் குடும்பத்தைவிட்டு முற்றும் நீங்குவதில்லை என்ற அதே நம்பிக்கையின் தொடர்ச்சியே.

பால் என்னும் பங்கு

ஊழைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் ஒன்று 'பால்'. அதற்குப் பகுதி, பங்கு என்று பொருள். தொல்காப்பியம் உயிர், உடம்பு, வினை ஆகியவற்றோடு பால்வரை தெய்வத்தையும் ஒரே நூற்பாவில் எண்ணுகிறது. களவியலில் தலைவனையும் தலைவியையும் எதிர்ப்படச் செய்வதும் பாலின் ஆணையே. அவரவர்க்குரிய பங்கை வரைந்து தரும் ஆற்றல் என்பதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள். கிரேக்கர் ஊழைக் குறிக்க வழங்கிய 'மொய்ரா' என்ற சொல்லுக்கும் பங்கு என்றே பொருள். மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களோ ஊழை 'ஓரி' என்பர். அதன் நேர்ப்பொருள் தலை. பிறக்குமுன் ஒவ்வோர் உயிரும் தன் தலையைத் தானே தேர்ந்துகொண்டு மண்ணுக்கு வருகிறது என்பது அவர்தம் நம்பிக்கை. தமிழனுக்கும் தலைதான், ஆனால் அதில் எழுதுபவன் பிரமன். தொடர்பற்ற மக்களிடையே ஒரே உருவகம் தோன்றியதும், எழுதும் கை மட்டும் வேறுபட்டதும் எண்ணி வியக்கத்தக்கன.

பாலை 'வினைகளை வகுக்கும் தெய்வம்' என விளக்கியவர் பிற்கால உரையாசிரியரான சேனாவரையர். நூலுக்கும் உரைக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் சமணமும் பௌத்தமும் ஆசீவகமும் தமிழகத்தில் ஆழமாக வேரூன்றின. செய்தவன் நுகர்வான் என்னும் வினைக்கொள்கையைச் சமணம் வலியுறுத்தியது. நிலையான உயிர் என்று ஒன்று இல்லை. ஆயினும் வினைத்தொடர் உண்டு என்றது பௌத்தம். மற்கலியின் ஆசீவகமோ எல்லாம் நியதிப்படி நிகழும், முயற்சியால் மாற்றம் இல்லை என்றது. ஆசீவகத்தை ஆராய்ந்து 1951இல் நூல் வெளியிட்ட ஏ.எல். பாசம், மணிமேகலை, நீலகேசி, சிவஞானசித்தியார் முதலிய தமிழ் நூல்களை இன்றியமையாச் சான்றுகளாகக் கொண்டார். வடநாட்டில் மங்கிப்போன ஒரு கொள்கையின் நினைவைத் தமிழ் காத்து வைத்திருந்தது.

கணியன் பூங்குன்றனாரின் புறப்பாடலை ஆசீவகச் சிந்தனையோடு இணைத்துக் காண்போர் உளர், பேராசிரியர் க. நெடுஞ்செழியன் இக்கருத்தை விரிவாக வளர்த்தெடுத்தார். எச்சமயத்தைச் சார்ந்ததாயினும், அப்பாடலின் முடிவே இங்கு முதன்மையானது. பேரியாற்றில் அகப்பட்ட புணைபோல உயிர் முறைவழியே செல்லும் என்கிறார் புலவர். இவ்வளவில் நின்றிருந்தால் அது வெறும் விதிவாதமாகும். அவரோ அதிலிருந்து ஓர் அறத்தைப் பெறுகிறார்: ஆகவே பெரியோரை வியக்கவும் வேண்டா, சிறியோரை இகழ்தல் அதனினும் வேண்டா. புணையை நீரே செலுத்துகிறதென்றால், முன்னே செல்லும் புணைக்கு என்ன பெருமை? பின்தங்கிய புணைக்கு என்ன இழிவு? ஊழிலிருந்து சமத்துவத்தைப் பெற்ற பாடல் இது. ஊழைக் காட்டி ஏற்றத்தாழ்வை நிலைநாட்டிய பிற்காலத்தோடு இதனை ஒப்பிட்டால், தமிழ்ச் சிந்தனை இழந்தது எது என்பது புலனாகும்.

கோப்பெருஞ்சோழனின் 214ஆம் பாடல் வேறொரு துணிவைக் காட்டுகிறது. வடக்கிருந்து உயிர்விட முனைந்த அரசன் நல்வினையின் பயனை உறுதிப்படக் கூறவில்லை. நுகர்ச்சி இருந்தால் மேலுலகம். அந்நுகர்ச்சி இல்லையெனின் பிறவாமையும் கூடும். பிறவி இல்லையாயினும் பழியற்ற உடம்போடு புகழை நிறுத்தி இறத்தல் நன்று என்கிறான். மறுமை உண்டா இல்லையா என்ற வினாவுக்கு விடை கிடைக்காமலே அறத்தைச் செய்யலாம் என்பதே அவன் முடிவு.

காதைகளின் வரிசை

திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அறத்துப்பாலின் இறுதியில், தனியோர் இயலாகவே அதனை நிறுத்தினார். ஊழைவிட வலியது எது என்று அங்கே கேட்டவர், பொருட்பாலின் ஆள்வினையுடைமையில், சோர்வின்றி முயல்பவர் ஊழையும் புறமுதுகு காணச் செய்வர் என்றார். முரண் என்று சிலரும், இருநிலை உண்மை என்று சிலரும் இதற்கு விளக்கம் தருவர். அறத்துப்பாலை முடிக்கும்போது மனிதனின் செருக்கை அடக்க ஊழ் தேவைப்பட்டது. பொருட்பாலில் அவனது சோம்பலை விரட்ட ஆள்வினை தேவைப்பட்டது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. உடைமை மிக்கவனுக்குச் சொல்ல வேண்டிய சொல் வேறு. இடர்ப்படுபவனுக்குச் சொல்ல வேண்டிய சொல் வேறு.

சிலப்பதிகாரத்தில் இவ்வேறுபாடு கதையமைப்பாகவே வடிவெடுக்கிறது. ஊழ்வினை உருக்கொண்டு வந்து பயனை ஊட்டும் என்பது அக்காப்பியத்தின் மூன்று கருத்துகளுள் ஒன்று. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்பவனாயிருந்து, குற்றமற்ற சங்கமனை ஒற்றன் என்று பொய்யுரைத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி இட்ட சாபமே இப்பிறப்பில் விளைந்தது. ஆனால் இச்செய்தி எப்போது கூறப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணகி அவையேறி வழக்குரைக்கிறாள், சிலம்பை உடைத்து மெய்ப்பிக்கிறாள், அரசன் தன் பிழையை ஏற்று உயிர் துறக்கிறான், மதுரை எரிகிறது. இவை அனைத்தும் முடிந்த பின்னரே மதுராபதித் தெய்வம் தோன்றி முற்பிறப்புக் கதையை மொழிகிறது. வழக்குரை காதைக்குமுன் அத்தெய்வம் வந்திருந்தால் கண்ணகியின் வாய் அடைபட்டிருக்கும். பாண்டியன் பிழை ஊழின் திரைக்குப்பின் மறைந்திருக்கும். இளங்கோவடிகள் காதைகளை வைத்த வரிசையிலேயே ஒரு நீதி உள்ளது: முறை கிடைத்த பின்னரே ஊழ் பேசலாம்.

மணிமேகலையும் மணிபல்லவத்தில் தன் பழம்பிறப்பை உணர்கிறாள். உணர்ந்தபின் அவள் செய்தது பசித்தோர்க்குச் சோறிட்டதும், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்ததுமே. பசித்தவனிடம் அவன் முன்வினையை அவள் விசாரிக்கவில்லை.

குன்றத்தூர் தந்த விடை

பல்லாவரத்திலிருந்து மேற்கே செல்லும் சாலை குன்றத்தூரைச் சென்றடையும். சேக்கிழார் பிறந்த ஊர் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராயிருந்து பெரியபுராணம் இயற்றிய அவர், தம் ஊரில் திருநாகேச்சரம் கோயிலையும் எடுப்பித்தார். ஊழ் பற்றிய வழக்கில் அவர் கொணர்ந்த சாட்சி 'அருள்'. வினை மெய்யே, ஆயினும் அதற்கு மேலே ஒன்று உண்டு என்பது அவர் நூலின் உயிர்நாடி.

கொடிமாடச் செங்குன்றூரில் திருஞானசம்பந்தரின் அடியவர் குளிர்சுரத்தால் வருந்திய நிகழ்ச்சியைச் சேக்கிழார் பாடுகிறார். அது அந்நிலத்தின் இயல்பு என்று உடன்வந்தோர் கூற, சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடி நோயை நீக்கினார் என்பது வரலாறு. அப்பதிகத்தின் தொடக்கமே கூர்மையானது. இது அந்த வினையால் வந்தது என்று சொல்லத் தெரிந்தும், உய்யும் வழியைத் தேடாதிருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று அடியவரை இடித்துரைக்கிறார். நோய்க்கு முன்வினையே காரணம் எனக் கூறி அமைதல் பக்தியாகாது, குறையாகும் என்று ஏழாம் நூற்றாண்டில் எழுந்த குரல் இது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு நூற்பாக்களில் சிவஞானபோதம் அருளினார். பதி, பசு, பாசம் என்ற முப்பொருளும், தொல்வினை, நுகர்வினை, ஏறுவினை என்ற வினைப்பாகுபாடும் முறைப்பட்டன. உயிர் சார்ந்ததன் தன்மையைப் பெறும் என்பது சைவ சித்தாந்தத்தின் நுட்பமான கண்டுபிடிப்பு. இந்நுட்பத்துக்கு அடித்தளம் தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. எழுத்தை உயிர் என்றும் மெய் என்றும் பகுத்து, உயிர் சேராத மெய் தானே இயங்காது என்று விதித்த மொழி இது. தமிழ்க் குழந்தை நெடுங்கணக்கைக் கற்கும்போதே உடலுக்கும் உயிருக்கும் உள்ள உறவையும் கற்றுக்கொள்கிறது.

எனினும் அருள் என்னும் விடையும் எல்லா வாயிலையும் திறந்துவிடவில்லை. திருநாளைப்போவாரின் வரலாற்றில் இறைவன் அவரைத் தில்லைக்கு அழைக்கிறான். ஆனால் அவர் எரியில் மூழ்கி வேறொரு மேனியோடு எழுந்த பின்னரே உள்ளே செல்ல முடிகிறது. அருள் பிறப்பை வென்றது. வென்றும் பிறப்பின் உடலை நெருப்பில் விட்டுவர வேண்டியிருந்தது. அந்நெருப்பின் வெம்மை இன்றுவரை ஆறவில்லை.

பல்லாவரத்து அடிகள்

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. அதற்குமுன், அது ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தில், 1898 முதல் 1911 வரை அங்கே தமிழ் கற்பித்தவர் வேதாசலம் என்னும் மறைமலையடிகள். கல்லூரிப் பணியைவிட்டபின் அவர் பல்லாவரத்தில் குடியேறினார். அங்கு நிறுவிய சமரச சன்மார்க்க நிலையம் பின்னர்ப் பொதுநிலைக் கழகம் எனப் பெயர்பெற்றது. 1950இல் மறையும்வரை அவர் எழுத்துப்பணியின் களம் பல்லாவரமே.

சைவ சித்தாந்தத்தில் ஊன்றி நின்ற அடிகள், உயிர் பற்றிய வினாவைத் தம் காலத்து அறிவோடு மோதவிட்டார். 'மரணத்தின் பின் மனிதர் நிலை', 'யோகநித்திரை அல்லது அறிதுயில்', 'தொலைவிலுணர்தல்' ஆகிய நூல்களில் மேனாட்டார் மனத்தைப் பற்றி ஆராய்ந்த செய்திகளையும் தமிழ்ச் சமய மரபையும் ஒருங்கே நிறுத்தினார். அவற்றின் முடிவுகள் யாவும் இன்றைய அறிவியலின்முன் நிற்கும் என்று கூற இயலாது. ஆயினும் அவருடைய 'மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை' என்ற தலைப்பே ஒரு வாதம். ஆயுள் நெற்றியில் எழுதப்பட்டதாயின் உணவைப் பற்றியும் உறக்கத்தைப் பற்றியும் அறிவுறுத்தி நூல் எழுத வேண்டியதில்லை. நுகர்வினையை ஏற்றவர், வாழ்நாளை நீட்டிக்கும் முயற்சியையும் கற்பித்தார். வள்ளுவரின் இரண்டு அதிகாரங்களும் அவரிடம் ஒருங்கே குடியிருந்தன.

பிறப்புக்குக் காரணம் யாது?

ஊழ்க்கொள்கையின் மிகக் கடுமையான சோதனை சாதி. இழிந்த பிறப்பு முன்செய்த தீவினையின் பயன் என்று சொல்லிவிட்டால், இழிவைச் செய்பவன் குற்றவாளியாகான். அவன் வினையின் ஏவலாளன் மட்டுமே. இந்த இடத்தில் அயோத்திதாச பண்டிதர் எழுப்பிய வினா வரலாற்றுச் சிறப்புடையது. 1845இல் பிறந்து 1914இல் மறைந்த அவர் சித்த மருத்துவர். 1898இல் பௌத்தம் தழுவியவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர். தாழ்த்தப்பட்ட மக்கள் பண்டைப் பௌத்தர்; சமயப் பகையால் வீழ்த்தப்பட்டு இழிவு சுமத்தப்பட்டவர் என்று அவர் எழுதினார். அவருடைய சொல்லாராய்ச்சிகள் அனைத்தையும் ஏற்காதவரும் இவ்வாதத்தின் ஆற்றலை மறுக்க இயலாது. முற்பிறப்பு இருந்த இடத்தில் அவர் வரலாற்றை வைத்தார். 'இவர் என்ன பாவம் செய்தார்?' என்ற கேள்வி, 'இவர்க்கு யார் தீங்கு செய்தார்?' என்று மாறியது. கண்ணகி அவையில் கேட்டதும் இதே கேள்விதான்.

தாம்பரம் சானட்டோரியத்தில் 2005இல் தொடங்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாச பண்டிதரின் பெயரைத் தாங்கியுள்ளது. அதன் அண்மையிலுள்ள நெஞ்சக நோய் மருத்துவமனை, 1928இல் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து நிறுவிய காசநோய் மருத்துவ நிலையமாகும். 1937இல் அது அரசின் கைக்கு வந்தது. காசநோய் வந்தவரை வீடும் ஊரும் ஒதுக்கிய காலத்தில், பச்சைமலை அடிவாரத்தின் தூய காற்றையே மருந்தாகக் கொண்டு அது தொடங்கிற்று. 1990களில் எச்.ஐ.வி. தொற்றுற்றோரை வேறிடங்கள் ஏற்கத் தயங்கியபோது அவர்களை ஏற்ற இடமும் அதுவே. அரசு 2004 ஏப்ரலில் கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, நாட்டில் தெரிந்தெடுத்த எட்டு மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. அந்நோயரிடம் 'செய்த வினை' என்று சமூகம் சொல்லிய சொல், நோயினும் கொடியதாக இருந்தது. மருந்து வந்தபின், 'விதி முடிந்தது' எனக் கைவிடப்பட்டவர் பலர் எழுந்து வேலைக்குச் சென்றனர். உய்வழி நாடாதிருத்தல் குறையன்றோ என்ற சம்பந்தரின் கேள்வி இங்கே மருத்துவ வடிவில் விடை பெற்றது.

நிறைவாக

பேழை செய்த மக்கள், பூங்குன்றனார், சேக்கிழார், அடிகள், பண்டிதர் ஆகியோர் ஒரே கொள்கையினர் அல்லர். ஒருவரின் உயிரை மற்றவர் ஏற்கமாட்டார். ஒருவரின் மறுமையை மற்றவர் மறுப்பார். ஆயினும் இவர்களுள் ஒருவரும் ஊழைக் காட்டிக் கைகட்டி இருக்கச் சொல்லவில்லை. பேழை செய்தவர் இறந்தவர்க்கு வேண்டியதைச் செய்தனர். மற்றவர் இருப்பவர்க்குச் செய்யவேண்டியதைச் சொன்னார்கள்.

தனக்கு நேர்ந்த துன்பத்தின்முன் ஒருவர் 'ஊழ்' என்று சொல்லித் தேறுதல் கொள்ளலாம். பிள்ளையை இழந்த தாய்க்கு அச்சொல்லைவிட மென்மையான கைத்தாங்கல் வேறு இல்லாமலும் போகலாம். பிறர் துன்பத்தைப் பார்த்து அதே சொல்லைச் சொல்லும்போது அது தீர்ப்பாகிவிடுகிறது. ஒரே சொல் யார் வாயில், யாரை நோக்கி எழுகிறது என்பதைப் பொறுத்து மருந்தாகவும் நஞ்சாகவும் மாறும். சொல்லையே தொழிலாகக் கொண்ட கவிஞர்க்கு இவ்வேறுபாடு பொழுதுபோக்கு ஆராய்ச்சியன்று. ஊழைப் பாட நேரும்போதெல்லாம், வழக்குரை காதைக்குமுன் மதுராபதியைப் பேசவிட்டோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது அவர்தம் கடமையாகும்.